மனைக்கோட்டவியல்

கற்போய், கேள். இங்கிலாந்தின் செஷயரில் அகழி சூழ நிற்கும் லிட்டில் மோர்ட்டன் மனையே இவ்வியலுக்கு நிலைக்களன். மோர்ட்டன் குடியினர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் அதனைச் சிறிது சிறிதாகக் கட்டினர். கருவாலி மரச்சட்டமே அதன் எலும்பு. சட்டங்களின் இடைவெளியை மிளாறு பின்னிக் களிமண் அப்பி அடைத்தல் அவர்தம் முறை. கோட்டமாவது நேரின்மை. அது ஈன்கோட்டம், ஏற்றுகோட்டம், பொய்க்கோட்டம் என மூவகைப்படும்.

ஒன்று, ஈன்கோட்டம்: மரமே ஈன்றது. வெட்டிய கருவாலியை உலருமுன் செதுக்கி, கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, மரமுளை அறைதல் அந்நாட்டுத் தச்சர் வழக்கு. உலர்வதும் சுருங்குவதும் முறுகுவதும் மனை எழுந்த பின்னரே. முறுகல், வலமுறுகல் இடமுறுகல் என இருபாற்படும். எது வலம் என்பது நிற்பவனைப் பொறுத்ததன்று; ஆதலின் அளக்குமுன் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டா.

இரண்டு, ஏற்றுகோட்டம்: பிறிதொன்றின் சுமையால் வருவது. இவ்வியலின் உயிர் இதுவே. தென்கட்டின் உச்சியில் ஏறத்தாழ 68 அடி நீள நெடுங்கூடம் ஒன்றை ஏற்றி, மணற்பாறைப் பலகைகளால் கூரை வேய்ந்தனர். ஓலையன்று, ஓடன்று, பாறை! அதன்கீழ் இருந்தவை யாவும் வளைந்தன. அவ்வளைவு, (அ) விட்டத்தொய்வு, (ஆ) சுவர்ப்பிதுக்கம், (இ) தளநெளிவு என மூன்றாம். தளநெளிவு மேலும் இரண்டு: நடப்போன் உணர்வது, உருட்டிய கோலி மட்டுமே உணர்வது. முன்னதைக் கோலி உணராதோ எனின், உணரும். ஆயினும் பகுப்பு பகுப்பே. சுவர்கள் விரிந்து அகலாதிருக்கப் பின்னாளில் குறுக்குவிட்டங்கள் பூட்டினர். அவையும் தொய்யுமாயின் அதனை இரட்டைக்கோட்டம் என வழங்குக.

மூன்று, பொய்க்கோட்டம்: கோடாதது கோடியதுபோல் தோன்றுவது. மேல்நிலை கீழ்நிலையைக் கடந்து வெளியே நீண்டு நிற்கும். அது சரிவன்று, தச்சன் எண்ணிச் செய்த நீட்டம். 1559-இல் ரிச்சர்டு டேல் என்னும் தச்சன் முற்றத்துப் பலகணிகளைச் செய்து தன் பெயரையும் அவற்றில் பொறித்தான். அவற்றின் மேல்நிலையும் இவ்வாறே முன்னே நீளும். பெயர் பொறித்தவன் பிழையை நீட்டிவையான் என்பது என் துணிபு. இனி, கருஞ்சட்டமும் வெண்சுவரும் கண்ணை அலைத்துத் தரும் கோட்டமும் இதன்பாற்படும். அக்கருமை விக்டோரியா அரசி நாளில் பரவிய பூச்சு. பூசாத கருவாலி நாளடைவில் வெளிறிச் சாம்பல் நிறமாகும்.

இம்மனையில் நேராய் நிற்கும் கால் ஒன்றைக் காண்பாயேல், நான்காம் வகை கண்டேன் என்று என்னிடம் ஓடிவாராதே. முதலில் உன் தூக்குக்குண்டை மாற்று.