பின்முறுகல்: ஓர் இலக்கண விசாரணை

இல்முன் என்பது முன்றில் ஆனதையும் நகர்ப்புறம் புறநகர் ஆனதையும் பள்ளியில் இலக்கணப் போலி என்று படித்தோம். சொற்கள் முன்பின்னாக இடம் மாறினாலும் பொருள் மாறாது என்பது விதி. இவ்விதி மாட்டிறைச்சிக்கும் செல்லுமா என்று உரையாசிரியர் ஒருவரும் ஆராயவில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுப் பொருள், அமெரிக்கர் முன்றிலில் அன்றிக் கொல்லைப்புறத்தில் சுடும் ஸ்டேக். (உணவகப் பட்டியல்களில் காணும் 'ஸ்டீக்' ஏடெழுதினோர் பிழை என்க.) தடித்த துண்டைப் பெருந்தீயில் இருபுறமும் முறுகவிட்டு, பின் உள்ளே வேகவைப்பது பழைய வழக்கு. அவ்வழி நின்றோர் முன்முறுகலார். முதலில் தீ நேரே தீண்டாத இடத்தில் மெல்ல வேகவைத்துக் கடைசியில் முறுகவிடுவோர் பின்முறுகலார். ஆங்கிலத்தில் இதை 'ரிவர்ஸ் சியர்' என்பர். இவர்கள் கை ஓங்கியது இந்த நூற்றாண்டில்தான்.

முன்முறுகலாரின் மூலவர் ஜெர்மானிய வேதியியலர் யூஸ்டுஸ் ஃபொன் லீபிக். தொடக்கத்திலேயே கடும் சூடு பட்டால் இறைச்சியின் மேற்புறம் இறுகிச் சாற்றை உள்ளே அடைத்துவிடும் என்று 1847இல் அவர் கருதினார். பின்னாளில் இறைச்சிச் சாறு காய்ச்சி விற்ற நிறுவனத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது என்பதால், சாறு வீணாவதில் அவருக்கிருந்த கவலையை நாம் ஐயுற வேண்டியதில்லை. கொள்கையைத்தான் ஐயுற வேண்டும். 1984இல் உணவறிவியல் எழுத்தாளர் ஹெரால்டு மெக்கீ தம் நூலில் அதை மறுத்தார். மறுப்புக்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், காது போதும். முறுகிய பிறகும் கல்லில் 'சுர்' என்ற ஓசை நிற்பதில்லை. வாசல் அடைபட்டிருந்தால் அவ்வோசை எழுப்பும் நீர் எங்கிருந்து வருகிறது?

இனிச் சித்தாந்தம். முறுகலின் நிறமும் மணமும் பெரும்பாலும் புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடுவதால் பிறப்பவை. 1912இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சுக்காரர் மயாரின் பெயரால் இது வழங்கும். இதற்கு 140 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். ஈரமுள்ள பரப்போ 100 டிகிரியைத் தாண்டாது. அந்த ஈரத்தை ஆவியாக்க, அதே நீரை 0 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் செலவாகும். ஆகவே பச்சைத் துண்டைக் கல்லில் இட்டால், மேலே ஈரம் வற்றுவதற்குள் சூடு உள்ளே இறங்கி ஓரமெல்லாம் வெந்து சாம்பல் நிறப் பட்டை விழும். நடுவில் மட்டும் சிவப்பு நூலளவு எஞ்சும். அதற்குப் பெயர் சமையல் அன்று, சமரசம்.

பின்முறுகலார் இரண்டு அங்குலத் துண்டில் முந்தின இரவே உப்புத் தடவி, மூடாமல் குளிர்பெட்டியில் வைப்பர். மறுநாள் 120 டிகிரி அடுப்பிலோ, கரியை ஒருபுறம் குவித்த கிரில்லின் மறுபுறத்திலோ கிடத்துவர். நடுப்பகுதி 50 டிகிரி தொடும்வரை முக்கால் மணிநேரம் போகலாம். அதற்குள் மேற்பரப்பு காய்ந்து காகிதம் போலாகிவிடும். அப்போது புகையும் இரும்புக் கல்லில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். முறுகல் உடனே ஏறும், சூடு உள்ளே இறங்க அவகாசமில்லை. அறுத்தால் விளிம்புமுதல் விளிம்புவரை ஒரே சிவப்பு. உள்ளங்கைச் சதையை அழுத்திப் பார்த்துப் பதம் சொல்லும் மரபினரும் உளர். அவர்களை மதிக்கிறேன், ஆயினும் வெப்பமானியையே நம்புகிறேன்.

எனவே இது இலக்கணப் போலி ஆகாது. இடம் மாறியதும் பொருளும் மாறிவிட்டது. "அரை அங்குலத் துண்டுக்கும் இது ஒக்குமோ?" எனின், ஒவ்வாது. அது மேலே காய்வதற்குள் உள்ளேயும் வெந்துவிடும். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கல்லில் போட்டு எடுக்க வேண்டியதுதான்.