ஐந்து அவுன்ஸ் ஈயமும் மூன்று அங்குலச் சட்டமும்

குவின்சி, மாசச்சூசெட்ஸ்
ஜூன், அமாவாசைக்கு மறுநாள்

அன்புள்ள மாமாவுக்கு,

 

போனில் நீங்கள் சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். "என்ன மாப்பிள்ளை, தூண்டிலுக்கு அறுபதாயிரம் ரூபாயாமே? இங்கே அந்தக் காசுக்குப் பழைய வள்ளமே வாங்கிவிடலாமே!" சிரிப்புக்கு அடியில் மாமனார் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. கணக்கு உங்கள் மண்டபம் ஊர் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் தெரியும். உங்கள் மகள் என் கிரெடிட் கார்டு கணக்கை தினத்தந்தி படிப்பதுபோல் ஒரு வரி விடாமல் படிப்பவள். ஆகையால் போனில் மழுப்பியதை இங்கே விவரமாக எழுதுகிறேன். ரயில்வே ஆடிட்டையே சமாளித்து ரிட்டயர் ஆனவர் நீங்கள். படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் போகும் இடம் கேப் காட் கால்வாய், வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். கால்வாய் என்றதும் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்காலை நினைத்துவிட வேண்டாம். குறைந்தது 146 மீட்டர் அகலம், பத்து மீட்டர் ஆழம், தரையை வெட்டிய நீளம் மட்டும் பதினோரு கிலோமீட்டர். எண்ணெய்க் கப்பலும் உல்லாசக் கப்பலும் நம் மூக்குக்கு முன்னால் போகும். ஆகஸ்ட் பெல்மாண்ட் என்ற பணக்காரர் வெட்டி 1914-இல் திறந்தார். நம் பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் அதே 1914 என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெல்மாண்ட் நினைத்த அளவுக்குச் சுங்கம் தேறவில்லை. 1928-இல் அரசாங்கம் வாங்கி, பிறகு ராணுவப் பொறியாளர்களை வைத்து அகலப்படுத்தியது.

இன்னொரு சங்கதி உங்களுக்குப் பிடிக்கும். கால்வாயின் மேல் 1935-இல் கட்டிய தூக்கு ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. புதுப் பாம்பன் பாலத்தில் தூக்கும் பகுதி 72.5 மீட்டர், இங்கே 166 மீட்டர். ஆனால் நம் ஊரில் ரயிலுக்காகப் பாலம் கீழே இருக்கும், கப்பல் வந்தால் எழுந்து வழிவிடும். இங்கே பாலம் எப்போதும் மேலேயே நிற்கிறது. ரயில் வந்தால்தான் மனமிரங்கிக் கீழே வருகிறது. இந்த ஊரில் ரயிலுக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான் மாமா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கால்வாயின் கிழக்கு வாய் கேப் காட் விரிகுடாவில். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஒன்பது அடி வித்தியாசம். மேற்கு வாய் பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவில், அங்கே நாலடிதான். போதாததற்கு இந்தப் பக்கம் ஏற்றம் முடிவதற்கும் அந்தப் பக்கம் முடிவதற்கும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இடைவெளி. இரண்டு வாசலிலும் நீர்மட்டம் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை என்றால் நடுவில் இருக்கிற தண்ணீர் என்ன செய்யும்? ஓடும். ஆறு மணி நேரம் கிழக்கே, பிறகு சற்று மூச்சு வாங்கிக்கொண்டு ஆறு மணி நேரம் மேற்கே. வேகம் பிடித்தால் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர், அமாவாசை பௌர்ணமிக்கு அதற்கும் மேல். நம் பாம்பன் வாய்க்காலில் சோழகக் காற்றுக் காலத்து நீவாட்டு ஓட்டம் பார்த்த உங்களுக்கு இது புரியும். உங்கள் மகளுக்குத்தான் புரியவில்லை.

இந்தத் தண்ணீரில் நீந்தக் கூடாது. படகில் நின்று மீன் பிடிக்கவும் கூடாது. கரையிலிருந்து மட்டும்தான். கரை என்றால் மணல் இல்லை, பாசி படிந்த பாறாங்கற்களைச் சரிவாக அடுக்கியிருக்கிறார்கள். பிடிக்கிற மீன் ஸ்ட்ரைப்பர். உடம்புவாகு கிட்டத்தட்ட கொடுவா. விலாவில் தலையிலிருந்து வால்வரை ஏழெட்டுக் கறுப்புக் கோடு. வசந்தத்தில் செசபீக் விரிகுடாவின் ஆறுகளிலும் ஹட்சனிலும் முட்டையிட்டுவிட்டு, சின்ன மீன்களைத் துரத்திக்கொண்டு வடக்கே வரும். உலக சாதனை 2011-இல் கனெக்டிகட்டில் பிடித்த 81.88 பவுண்டு, அதாவது 37 கிலோ. இது உழைத்துச் சாப்பிடும் ஜாதி இல்லை. ஓடுகிற தண்ணீரில் ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். தரையை ஒட்டி நிற்கிற இந்தத் துரைக்கு நம் இரையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் அந்த அறுபதாயிரமும். மீனை இழுக்க அதில் பாதி போதும். தண்ணீரோடு மல்லுக்கட்டத்தான் மீதி.

இங்கே இரை என்பது ஜிக். ஈயத்தலை, ஒரு முள், அதைச் சுற்றி மான் வால் முடி. முன்னெல்லாம் முள்ளில் பன்றித்தோல் கீற்று ஒன்றையும் மாட்டுவார்களாம். இப்போது ரப்பர் வால். இதை நீரோட்டத்துக்குச் சற்று எதிராக எறிந்து மூழ்கவிட வேண்டும். நீரோட்டத்தோடு நகர்ந்து நம் முன்னால் வரும்போது தரையை லேசாக ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்தத் தட்டல் நூல் வழியாக ஏறி விரலுக்கு வரும். அதற்குப் பிறகு கொஞ்ச தூரம்தான் ஜிக் தரையை ஒட்டிப் போகும், அப்புறம் நூல் இழுத்து மேலே தூக்கிவிடும். மீன் கடிப்பது பெரும்பாலும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். எடை குறைந்தால் ஜிக் தரையையே பார்க்காது. கூடினால் பாறையிடுக்கில் சிக்கி, எட்டு பத்து டாலர் கால்வாய்க்குக் காணிக்கை. தண்ணீர் திரும்புகிற நேரத்தில் மூன்று அவுன்ஸ் போதும். வேகம் ஏற ஏற நான்கு, ஐந்து. நான்கு அவுன்ஸ் என்றால் 113 கிராம். ஒரே காலையில் மூன்று எடை மாற்றுகிறவன்தான் இங்கே கெட்டிக்காரன். "இத்தனை ஈயம் எதற்கு, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது?" என்று உங்கள் மகள் கேட்டதற்கு இதுதான் பதில். அவளுடைய பட்டுப்புடவைகளும் எனக்கு அப்படித்தான் தெரிகின்றன, நான் கேட்கவில்லை.

எடையில் இன்னொரு தர்மமும் இருக்கிறது. என் ஆபீஸ் நண்பர், ஹைதராபாத்காரர், ஏரியில் மீன் பிடித்துப் பழகியவர், ஒரு நாள் தன் ஏழடிக் கம்போடு வந்தார். ஒரு அவுன்ஸ் ஜிக்கை அழகாக எறிந்தார். அது தண்ணீரில் விழுந்த மறுகணமே தானாகப் புறப்பட்டுவிட்டது. மற்றவர்களுடைய ஜிக்கெல்லாம் தரையோடு நிதானமாகப் போய்க்கொண்டிருக்க, இவருடையது மட்டும் மேலாக விரைந்து, கீழ்ப்பக்கம் வரிசையாக நின்ற அத்தனை பேருடைய நூலையும் ஒன்றாகக் கட்டிப்போட்டது. அந்த வரிசையில் போர்ச்சுகீசிய வம்சத்துத் தாத்தா, சீனாக்காரர், பிரேசில்காரர் எல்லோரும் உண்டு. அன்று எத்தனை மொழியில் திட்டு வாங்கினார் என்று அவரே இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். தோளோடு தோள் நிற்கிற இடத்தில் பக்கத்து ஆள் என்ன எடை போட்டிருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு அதையே போடுவதுதான் நாகரிகம்.

நூலுக்கு வருகிறேன். நீங்கள் தங்கூசி நைலான் நூல் ஆள். இங்கே தங்கூசி எடுபடாது. ஓடுகிற தண்ணீரில் ஜிக்கைவிட நூல்தான் அதிகம் இழுபடுகிறது. வேகம் இரட்டித்தால் அந்த இழுவை நான்கு மடங்கு ஆகும், பருமன் கூடினால் அதற்குத் தக்கபடி இன்னும் கூடும். பின்னல் நூல், இங்கே பிரெய்ட் என்கிறார்கள், ஐம்பது பவுண்டு தாங்குவது பன்னிரண்டு பவுண்டுத் தங்கூசிப் பருமன்தான். மெல்லிசாக இருப்பதால் தண்ணீரை அறுத்துக்கொண்டு இறங்கும். நீளாது என்பதால் தரைத் தட்டல் அப்படியே கைக்கு வரும். ஒரே குறை, பாறையில் உரசினால் பட்டென்று போய்விடும். அதனால் நுனியில் மூன்று நான்கு அடிக்கு மட்டும் கனமான கண்ணாடி நரம்பு முடிந்துகொள்வது வழக்கம்.

கம்பு பதினோரடி. வீட்டுக்குள் நிமிர்த்தி வைக்க முடியாததால் மாடிப்படியோரம் சாய்த்துவைத்து, உங்கள் மகளிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. நீளம் பந்தாவுக்கு இல்லை. பாதிக் கால்வாய்வரை எறிய வேண்டும், காலடிப் பாறைகளுக்கு மேலாக நூலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், தண்ணீரில் படுத்திருக்கிற நூலைக் குறைக்க வேண்டும். மூன்றிலிருந்து ஆறு அவுன்ஸ்வரை எறியத் தோதான கம்பாகவும் இருக்க வேண்டும். கம்பிலும் ஈயத்திலும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. சிக்கனம் பார்க்கலாம் என்றால் ரீலில். இங்கே வான் ஸ்டால் என்று ஒரு ரீல் இருக்கிறது. தண்ணீருக்குள் முக்கினாலும் உள்ளே சொட்டுப் புகாதாம். என் முழுச் செட்டின் விலையை அதற்கு மட்டும் கொடுத்தவர்கள் அந்தக் கரையில் நிறையப் பேர். மார்பளவுத் தண்ணீரில் நின்று அலைவாயில் எறிகிறவனுக்கு அது சரி. கல்லில் காய்ந்தபடி நிற்கிறவனுக்கு எதற்கு? நான் வாங்கியது அதில் பாதி விலைகூட இல்லை. இதை உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

சைக்கிள் வாங்கியதையும் உங்களிடம் சொல்லியிருப்பாள். கால்வாய்க் கரைச் சாலையில் பொதுமக்கள் வண்டி ஓட்டக் கூடாது, சைக்கிளுக்குத் தடையில்லை. மீன் ஒரு இடத்தில் நிற்காது. எந்த எண்ணிட்ட விளக்குக் கம்பத்தருகே கடிக்கிறது என்று செய்தி வருகிறதோ அங்கே மிதிக்க வேண்டும். எல்லாச் சைக்கிளிலும் பின்னால் பால் கூடை, பக்கத்தில் கம்பு செருக பிவிசி குழாய். அந்தக் குழாய்க்கு மட்டும்தான் வீட்டில் மறுபேச்சு இல்லாமல் அனுமதி கிடைத்தது. செருப்பின் அடியில் மாட்டுகிற ஆணிப்பட்டைக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பாசிப் பாறையில் ஆணி இல்லாமல் இறங்கினால் மருமகனைத் தேட பஸ்ஸர்ட்ஸ் விரிகுடாவுக்குப் போக வேண்டியிருக்கும்.

விடிகிற நேரமும் நீரோட்டம் கிழக்கே திரும்புகிற நேரமும் ஒன்றாக அமைகிற நாட்களில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, திருவிழாதான். அயிலையைத் துரத்திக்கொண்டு ஸ்ட்ரைப்பர் மேலே வந்து தண்ணீரை உடைக்கும். அப்போது ஜிக்கைக் கழற்றிவிட்டு மரத்தில் கடைந்த பென்சில் பாப்பரை மாட்டுவோம். கம்பின் அடியைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நுனியை உதறு உதறென்று உதறினால் அது தலையை ஆட்டிக்கொண்டே வரும். தூரத்திலிருந்து பார்த்தால் கரை முழுக்கச் சாமியாடுகிற மாதிரி இருக்கும். இந்த வகை மரமீன் செய்து பேர் வாங்கிய ஸ்டான் கிப்ஸ் என்பவர் இதே கரைக்காரர், 1940-களில் ஆரம்பித்தவர். பஸ்ஸர்ட்ஸ் பே பூங்காவில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு தேர்தலிலும் நிற்காமல் சிலையான மனிதர்.

இனிமேல்தான் உங்களுக்குக் கோபம் வரப் போகிறது. ஒரு நாளைக்கு ஒரு மீன்தான் எடுக்கலாம். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31 அங்குலத்தைத் தொடக் கூடாது. அந்த மூன்று அங்குலத்துக்குள் பிறந்த மீன் வீட்டுக்கு, மற்றதெல்லாம் தண்ணீருக்கு. என் கண்ணெதிரே ஒரு கிழவர் நாற்பது பவுண்டு மீனைக் கரையேற்றி, அளந்துகூடப் பார்க்காமல், வாலைப் பிடித்து நீரோட்டத்தில் முன்னும் பின்னும் ஆட்டி மூச்சு வரவைத்து, போய் வா என்று அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது. நியாயம் இருக்கிறது என்பதும் உண்மை. பெரிய பெண் மீன் ஒன்று ஒரு பருவத்தில் லட்சக்கணக்கில் முட்டை வைக்கும். இந்த மீனை எருவாகப் போடக் கூடாது என்று 1639-லேயே இந்த ஊரில் சட்டம் போட்டார்கள். அப்படியும் 1980-களில் அருகிப்போய், 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றமே தனிச் சட்டம் கொண்டுவந்தது. மீன் பெருகியது, மறுபடி குறைந்தது. 2020-இல் மேல் வரம்பை 35 அங்குலம் என்று வைத்து, 2023-இல் 31 ஆக்கிவிட்டார்கள். மெல்லிய தூண்டிலில் அரை மணி நேரம் விளையாட்டுக் காட்டினால், விட்ட பிறகும் மீன் களைத்துச் செத்துப்போகும். சீக்கிரம் கரையேற்றிச் சீக்கிரம் விடுவதற்கும் கனமான செட்தான் வேண்டும். விட்டுவிடப் போகிற மீனுக்காகவும் செலவு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அளவுக்குள் ஒரு மீன் ஒரு தடவை கிடைக்கவும் செய்தது. 29 அங்குலம். உங்கள் மகள் மாங்காய் போட்டு அத்தை கைப்பக்குவத்தில் குழம்பு வைத்தாள். வெள்ளைச் சதை, முள் குறைவு, நம் கொடுவாவுக்குச் சற்றுக் கீழேதான், ஆனால் குறை சொல்ல முடியாது. அன்று மட்டும் கணக்குக் கேட்கவில்லை.

மதுரைக்கு வருகிற நண்பர் ஒருவரிடம் உங்களுக்கு ஒரு சுருள் பிரெய்ட் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து தங்கூசி மாதிரி கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை எலும்புவரை அறுத்துவிடும். ஜிக்கும் கம்பும் அனுப்ப எண்ணம், ஆனால் எடை தெரிய வேண்டும். பாம்பன் கரையில் இருபது மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, நீவாடு நன்றாக ஓடும்போது தண்ணீரில் ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு, முதல் குச்சியிலிருந்து இரண்டாவதைக் கடக்க எத்தனை நொடி என்று பாருங்கள். பத்து நொடி என்றால் என் கால்வாய் வேகம், ஐந்து அவுன்ஸ். இருபது நொடி என்றால் மூன்று போதும். காற்று இல்லாத நேரம் பாருங்கள், இல்லையென்றால் மட்டை பொய் சொல்லும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

தங்கள் அன்பு மருமகன்