அரைத்தவணை அப்பா

தவணைப் பரீட்சை எங்களுக்குத் தெரியும். தவணை லீவும் தெரியும். தவணைக் காசு கட்ட முடியாமல், லீசிங்காரர் வருகிற நாளில் மோட்டார் சைக்கிளை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்த அனுபவமும் உண்டு. அரைத்தவணை என்றொரு சங்கதி இருக்கிறது என்று எங்கள் ஊரான தண்ணீரூற்றுக்குக் கற்பித்தவர் லண்டனிலிருந்து வந்த என் மச்சான்தான். இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் இலையுதிர்காலத் தவணையை நடுவில் வெட்டி, ஒக்டோபர் கடைசியில் ஒரு கிழமை லீவு கொடுப்பார்களாம். பிள்ளைகள் களைத்துப்போவார்கள் என்பது காரணம். நாங்கள் படித்த காலத்தில் பிள்ளை களைத்தால் வாத்தியார் பிரம்பை மாற்றுவார்.

வெளிநாட்டுக்காரர்களில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஓகஸ்டில் வருகிறவர்கள் பெரும் கூட்டம். வெள்ளை வேட்டி, பட்டுச்சேலை, தேருக்கு முன்னால் செல்ஃபி என்று அவர்களுக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. அரைத்தவணை அப்பா அந்த இனம் இல்லை. ஓகஸ்டில் ரிக்கெற் விலை கேட்டாலே அவருக்குத் தலை சுற்றும். ஒக்டோபரில் வருவார், ஒரு கிழமை காணாது என்று முன்னால் இன்னொரு கிழமையை ஒட்டுவார். அப்படிப் பள்ளிக்கூடம் ஐந்து நாள் போகாவிட்டால் அங்கே தண்டம். 2024 ஓகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்கு, தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனியாக, ஆளுக்கு 80 பவுண். இரண்டு பிள்ளைகள், இரண்டு பெற்றார், மொத்தம் 320. இதை என் மச்சான் குற்ற உணர்ச்சி துளியும் இல்லாமல், ஓகஸ்ட் ரிக்கெற்றுக்குப் பக்கத்தில் எழுதிக் கழித்துக் காட்டினார். தண்டமும் கட்டி மிச்சமும் பிடித்திருந்தார். கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதியவர் அவர்.

ஆளை அடையாளம் காணப் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். மற்றவர்களின் பெட்டியில் சொக்லேற், சவர்க்காரம், கோடாலித் தைலம் இருக்கும். இவருடையதில் பிளாஸ்ரிக் மண்டையோடு மூன்று, ரப்பர் கை ஒன்று, கோரப்பல் ஒரு சோடி, எலும்புக்கூடு அச்சடித்த கறுப்புச் சட்டை, கூர்த்தொப்பி, பற்றரியில் எரியும் மெழுகுதிரி ஆறு. அடியில் ஒரு பொதி சிலந்தி வலை.

மாமி, அதாவது அவருடைய அம்மா, அந்தப் பொதியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன மோனை?"

"சிலந்தி வலை அம்மா. வீட்டை அலங்கரிக்கிறதுக்கு."

"காசு குடுத்து வாங்கினதோ?"

"மூண்டு பவுண்."

மாமி கூரை மூலையைப் பார்த்தார். "நான் கிழமைக்கு ஒருக்கா விளக்குமாறால அடிச்சுக் கொட்டுறனான். நீ ஒரு சொல்லு முதல் சொல்லியிருந்தா சேத்து வைச்சிருப்பன்."

பிளாஸ்ரிக் வெளவால்களும் இருந்தன. அவற்றைப் பற்றி மாமி ஒன்றும் சொல்லவில்லை. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த நாளில் இந்த வீட்டின் பாதிக் கூரை போயிருந்தது. நடு அறையில் ஆள் உயரத்துக்குப் பற்றை. மிச்ச ஓட்டுக்குக் கீழே வெளவால் குடும்பம். அவற்றைக் கலைக்க நாங்கள் பட்ட பாடு மச்சானுக்குத் தெரியாது. அவர் இப்போது கதிரையில் ஏறி நின்று, அதே இடத்தில், அதே பிராணியை நூலில் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்.

இந்த மனிதரின் பூர்வீகத்தைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். எங்கள் ஒழுங்கையில் அவரைப் போலப் பயந்தாங்கொள்ளி அந்தக் காலத்தில் கிடையாது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கிணற்றடிக்குப் போகமாட்டார். முள்ளியவளையில் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது, வளைவில் நின்ற புளியமரத்தை நெருங்க நெருங்க அவருடைய தேவாரம் உச்சஸ்தாயிக்குப் போகும். அதில் முனி இருக்கிறது என்பது ஊர் முடிவு. சேர்ட் பொக்கற்றில் மூன்று அங்குல இரும்பாணி ஒன்று எப்போதும் வைத்திருப்பார். பேய்க்கு இரும்பு ஆகாது என்று யாரோ சொல்லிக்கொடுத்தது. கொத்தி, மோகினி, இரத்தக்காட்டேறி என்று தரம் பிரித்து, எந்தப் பேய் எந்த மரத்தில், எந்தக் கிழமையில் வெளிக்கிடும் என்ற அட்டவணை அவரிடம் இருந்தது. பாடப் புத்தகத்தில் அந்த அக்கறை இருந்திருந்தால் டொக்டராகியிருப்பார். பேய்க்குப் பயந்து பயந்தே வளர்ந்த பிள்ளை, பிறகு வேறு பயத்தால் லண்டனுக்குப் போனது. அங்கே போய்ப் பேய் வளர்க்கிறது.

ஹலோவீன் பற்றி அவர் பிள்ளைகளுக்கு நடத்திய வகுப்பில் நானும் இருந்தேன். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பழைய காலத்தில் மாரி தொடங்குகிற இரவு அது. செத்தவர்கள் உலாவுவார்கள் என்று நம்பினார்கள். நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள் என்பதால் அதற்கு முந்தின இரவுக்கு அந்தப் பெயர் வந்தது. முதலில் குடைந்தது பூசணி இல்லை, டர்னிப் கிழங்கு. அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ்காரர், அங்கே குடைவதற்குச் சுகமான பூசணியைக் கண்டு மாறிவிட்டார்கள். நவம்பர் 2இல் எங்கள் கரையோரக் கத்தோலிக்கர் சேமக்காலைக்குப் போய், செத்த உறவுகளின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவது இதற்கு ஒன்றுவிட்ட உறவு. குடைந்த பூசணிக்கு வைத்த 'ஜாக்கோலாந்தன்' என்ற பெயரோ, முதலில் சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கித் திரியும் வெளிச்சத்துக்கு உரியது. அதாவது எங்கள் கொள்ளிவாய்ப் பிசாசு. அந்தச் சொல்லைக் கேட்டதும் மச்சானின் கை தானாகவே சேர்ட் பொக்கற்றைத் தடவியதை நான் கண்டேன். ஆணி அங்கே இல்லை.

முள்ளியவளைச் சந்தையிலிருந்து ஏழு கிலோப் பூசணி வந்தது. மேசையில் கடதாசி விரித்து, தகப்பனும் பிள்ளைகளுமாகக் குடையத் தொடங்கினார்கள். உள்ளிருந்த சதையை வழித்துக் குப்பைவாளியில் போட்ட கணத்தில் மாமி குசினிக்குள்ளிருந்து வந்தார். பேய் வந்திருந்தால் வீடு அவ்வளவு அமைதியாகியிருக்காது. குப்பைவாளி மாமியின் கைக்கு மாறியது. ஒரு சட்டி பூசணிக்காய்ப் பால்கறிக்கு வழி பிறந்தது. விதை கழுவி, சாம்பலில் பிரட்டி, சுளகில் காயப்போடப்பட்டது. கோது மட்டும் பேய்க்கு.

கண், மூக்கு, பல் வைத்து, உள்ளே பற்றரி மெழுகுதிரி ஏற்றிப் படலையில் வைத்தார்கள். மாமி நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "பற்றரியிலயோ எரியுது?" என்று கேட்டார். காட்டா விநாயகர் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கெரிக்கிற ஊர்க்காரி. ஒவ்வொரு வைகாசிப் பொங்கலுக்கும் முன்னால் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து வந்து ஏற்றும் அந்த விளக்குத்தான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போகிறது. அப்படிப்பட்டவரைச் சீனப் பற்றரியால் அசைக்க முடியாது. போய்க்கொண்டிருந்த அயலட்டைச் சனமோ, வீட்டுக்கு நாவூறு கழித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது. ஒருவர் மட்டும், "நீத்துப்பூசணி கிடைக்கேல்லையோ?" என்று அனுதாபமாக விசாரித்தார்.

இடையில் ஒரு நாள் ஊர் பார்க்கப் போனோம். ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைக் கப்டன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று வெள்ளைக்காரன் கல் நாட்டி வைத்தானே, அந்தக் கல்லில் வெட்டிய நாள் 1803 ஒக்டோபர் 31. முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியன் பிடித்த அதே ஆண்டு. இதைச் சொன்னபோது சின்னவன் கேட்டான்: "அப்ப வன்னியன் ஹலோவீன் அண்டோ செத்தவர்?" மச்சான் என்னைப் பார்த்தார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

திரும்பும் வழியில் காட்டோரமாகச் சிவப்புப் பலகைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளை மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு. பின் சீற்றில் ஒரே ஆரவாரம். இங்கேயும் ஹலோவீன் கொண்டாடுகிறார்கள் என்று இரண்டு பிள்ளைகளும் துள்ளின. பெரியவள் இறங்கிப் பக்கத்தில் நின்று படம் எடுக்கவேண்டும் என்று கதவில் கை வைத்தாள். மச்சான் எழுப்பிய சத்தத்தை அந்தப் புளியடியில்கூட நான் கேட்டதில்லை.

வான்காரத் தம்பி வேகத்தைக் குறைக்காமல் சொன்னான்: "பயப்பிடாதேங்கோ அண்ணை. மிதிவெடி போர்ட் போட்ட இடத்தில பிரச்சினை இல்லை. போடாத இடம்தான்."

வீடு வரும்வரை அரைத்தவணை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர்கள் வந்த 2024இல் தீபாவளியும் ஒக்டோபர் 31, வியாழக்கிழமை. நரகாசுரன் செத்த நாளில் அவன் வேஷத்தைப் போட்டுத் திரிவதா என்று மாமி ஆட்சேபித்தார். சமரசம் காணப்பட்டது: காலையில் எண்ணெய் முழுக்கு, கோயில், பின்னேரம் பேய். இரண்டுக்கும் நடுவில் பங்கு இறைச்சி வந்தது. ஒழுங்கையில் பத்துப் பேர் சேர்ந்து அடித்த ஆடு. வாழையிலையில் எங்கள் பங்கோடு தலையும் வந்திருந்தது. மாமி தலைக்கறியில் கெட்டி. லண்டனில் ரப்பர் கையைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுகிற பிள்ளைகள், கண் திறந்தபடி கிடந்த ஆட்டுத்தலையைக் கண்டதும் வீறிட்டுக்கொண்டு ஓடினார்கள். விமானம் ஏறும்வரை இரண்டும் சைவம்.

இருட்டியது. தீபாவளி இரவில் நிலா இராது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மழையும் தூறியது. சின்னவன் எலும்புக்கூடு; பெரியவள் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்த சாக்குத்துணியைத் தலையில் கவிழ்த்த வெருளி; அவர்களுடைய அம்மா சூனியக்காரி; மச்சான் இரத்தக்காட்டேறி. கையில் ஓலைக் கடகம். வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்கவேண்டும், தராவிட்டால் குறும்பு செய்யவேண்டும் என்பது விதி. வழிகாட்டியாக ரோச் லைற்றோடு நான்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த ஆச்சி நால்வரையும் மேலும் கீழும் பார்த்தார். கடகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சுண்டு பச்சரிசி கொண்டுவந்து கொட்டினார். பிறகு சின்னவனின் தலையைத் தடவி மெல்லக் கேட்டார்: "பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

மச்சானுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கடகம் ஏந்தி வாசல் வாசலாக வந்தால் எங்கள் ஊரில் அது மடிப்பிச்சை. நோய் தீர்ந்தால் பிச்சையெடுத்துப் பொங்குகிறேன் என்று அம்மனுக்கு வைத்த நேர்த்தி. அடுத்த வீட்டில் தேங்காய். அதற்கடுத்ததில் நூறு ரூபா, கற்பூரப் பக்கற் ஒன்று. எந்தக் கோயில் என்று எல்லோரும் கேட்டார்கள். வற்றாப்பளை என்று நானே சொல்லிவிட்டேன். சொக்லேற் ஒருவரும் போடவில்லை. போட்டிருந்தால் அம்மன் என்ன செய்வா?

ஐந்தாவது வீட்டில் அப்பு ஒருவர் விறாந்தையில் சாய்மனையில் கிடந்தார். சாக்கு முகமூடியோடு பிள்ளை முன்னால் போய் நின்றதும் மனிதர் எழுந்துவிட்டார். கையை உடம்போடு ஒட்டி, முகத்தை நேரே வைத்து, அசையாமல் நின்றார். இராணுவச் சுற்றிவளைப்பில் வரிசையில் நின்று, சாக்கு முகமூடிக்குள்ளிருந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலை தெரியும். அரை நிமிடம் இருக்கும். பெரியவள் பயந்து முகமூடியைக் கழற்றினாள். அப்பு சிரித்து, "ஐயோ, பொம்பிளைப் பிள்ளையே," என்று சொல்லிப் பணியாரம் எடுக்க உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்தச் சாக்கு என் கையில் இருந்தது.

அடுத்த படலையில் நாய். எலும்பு அச்சடித்த சட்டையோடு தீபாவளி இரவில் வன்னி நாய்க்கு முன்னால் போவது அறிவுள்ள செயல் அல்ல. சூனியக்காரி தொப்பியை விட்டுவிட்டு ஓடினா. சின்னவனை நான் தூக்கினேன். அரிசி ஒழுங்கை முழுக்கச் சிந்தியது. இரத்தக்காட்டேறி எல்லோருக்கும் முன்னால் ஓடியது.

வளைவுக்கு வந்து மூச்சு வாங்கினோம். கோரப்பல்லைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மச்சான் இருட்டைப் பார்த்தார்.

"மச்சான், அந்தப் புளி எங்கை?"

"அது 2008 கடைசியில ஷெல் விழுந்து முறிஞ்சு போச்சு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்த முனி?"

"இடம்பெயர்ந்திருக்கும்."

"எங்கை?"

"எனக்கென்ன தெரியும்? பதிஞ்சிருந்தா நிவாரணத்தில பேர் வந்திருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. மரம் நின்ற இடத்தைத் தாண்டும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாய்க்குள் தேவாரம் ஓடியது. சின்னவன் என் தோளில் நித்திரை.

சேர்ந்த அரிசிக்கும் தேங்காய்க்கும் மாமி தீர்ப்புச் சொன்னார்: அம்மனுக்கென்று வாங்கியதை வீட்டில் சமைக்கக்கூடாது. மறுநாள் வெள்ளிக்கிழமை. வற்றாப்பளையில் பொங்கல். இரத்தக்காட்டேறி வெறும் மேலோடு நின்று விறகு தள்ளியது.

அவர்கள் போய்விட்டார்கள். எலும்புக்கூடு சட்டையை மாமி ஒரு தடியில் மாட்டி மரவள்ளித் தோட்டத்தில் குரங்குக்கு வெருளியாக நாட்டினார். முதல் நாள் ஒரு குரங்கும் கிட்ட வரவில்லை. மூன்றாம் நாள் ஒன்று அதன் தோளில் ஏறியிருந்து கொய்யாக்காய் தின்றது. படம் எடுத்து வட்ஸ்அப்பில் லண்டனுக்கு அனுப்பியிருக்கிறேன். பூசணி விதை இன்னும் ஒரு பிடி சுளகில் இருக்கிறது; வேண்டியவர்கள் வந்து மாமியிடம் வாங்கிக்கொள்ளலாம்.