திம்பத்துப் பேய்க்கு பர்மிட் இருக்கா?

கேள்வி: குடும்பத்தோட மைசூருக்குக் காரில் போறோம். திம்பம் மலைப்பாதையில் ராத்திரியானா வீரப்பன் ஆவி லாந்தர் விளக்கோட நடமாடுதுன்னு யூடியூபில் போடறாங்களே, நெசமாங்க?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டது 2004 அக்டோபர் 18-ல், தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிப் பக்கம். அடக்கம் செய்தது மேட்டூர் அருகே மூலக்காட்டில். திம்பத்தில் டியூட்டி பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆவி தினமும் மேட்டூர், அந்தியூர், சத்தி என்று பஸ் மாறித்தான் வரணும். உயிரோடு இருந்த காலத்தில் அதிரடிப்படைக்குப் பயந்து பீடி நெருப்பைக்கூட மறைத்திருப்பார். செத்த பிறகு லாந்தரைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்பாராக்கும்!

அங்கே 27 கொண்டை ஊசி வளைவு. கீழே இருந்து பார்த்தால் மேல் வளைவில் அச்சு முறிந்து நிற்கிற லாரியின் விளக்கு அந்தரத்தில் மினுக்கும். அதுவே பாதிப் பேய். மீதிப் பாதி, புதருக்குள் ஜோடியாக மின்னுகிற கண்கள். அது சிறுத்தை. யானையோ விளக்கும் காட்டாது, ஹாரனும் அடிக்காது. கரும்பு லாரி வருகிற நேரம் மட்டும் அதற்கு நன்றாகத் தெரியும். வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் சாவதால் 2022 பிப்ரவரியில் இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடையை அமல்படுத்தச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பண்ணாரி செக்போஸ்ட்டில் கேள்வி கேட்காமல் இப்போது பேயைக்கூட மேலே விடமாட்டார்கள். பகலில் போங்க. பண்ணாரி அம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, இறக்கத்தில் செகண்ட் கியர்ல வாங்க. ரெண்டில் ஒன்றை விட்டாலும் கியரை விட்டுடாதீங்க.

கேள்வி: ஃபிரண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து தனுஷ்கோடியில் ஒரு ராத்திரி தங்கப் போறோம். மூழ்கின ரயிலோட சத்தம் இன்னும் கேட்குமாமே! பேய் பார்க்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?
— ஒரு கல்லூரி மாணவர், பீளமேடு

பதில்: முதலில், பொழுது சாய்ந்த பிறகு அங்கே தங்க விடமாட்டார்கள் தம்பி. போலீஸ் விசிலடித்துக் கிளப்பிவிடும்.

அடுத்தது, நீங்க பார்க்கப் போகிற இடம் எது தெரியுமா? 1914 முதல், ரயிலில் வந்து இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போன ஊர். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், சர்ச் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் கரையேறியது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஸ்டேஷனை நெருங்கும்போது, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்து காட்டினார் இ.ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர்; பின்னாளில் டில்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான். ஆனால் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்ப வரவில்லை. குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அரசாங்கம் எழுதி வைத்துவிட்டது.

லாயக்கில்லை என்ற அந்த இடத்தில் மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு போட்டபிறகு கூட்டம் அள்ளுகிறது. சர்ச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்க. கட்டியது பவளப்பாறைக் கல்லில். கல் முழுக்கச் சின்னச் சின்னத் துளை. உப்புக்காற்று அரித்து அரித்து ஓரமெல்லாம் உதிர்கிறது. பக்கத்திலேயே ஒரு அம்மா சங்கும் சோழியும் கோத்த மாலை விற்றுக்கொண்டிருப்பார். ‘இங்க பேய் எங்கங்க்கா இருக்கு?’ என்று அவரிடம் மைக்கை நீட்டாதீர்கள். அந்த ரயிலில் அவங்க வீட்டு ஆளும் இருந்திருக்கலாம். எடுத்துப் போக வேண்டியது தண்ணி பாட்டில், தொப்பி, மாலை வாங்கச் சில்லறை.

கேள்வி: பேய் இருக்கா, இல்லையா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க.
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: கரண்ட் போனா இருக்கு.

கேள்வி: புதுசா வாடகைக்கு வந்த வீட்டில் பின்பக்க ரூமில் மட்டும் யாரோ நிற்கிற மாதிரியே இருக்கு. மாமியார் மந்திரிக்கச் சொல்றாங்க. வீட்டுக்காரர் சிரிக்கிறார்.
— ஒரு வாசகி, கணபதி

பதில்: மந்திரிக்கும் முன் அந்த ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்துப் பாருங்க அம்மிணி. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் விக் டேண்டி என்று ஒரு இன்ஜினியர். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பேய் இருக்கிறது என்று பேச்சு. ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்திருக்கும்போது அவருக்கும் வேர்த்தது, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் தெரிந்தது, திரும்பினால் ஆளில்லை. மறுநாள் வாள்வீச்சுப் பந்தயத்துக்கான தன் வாளை வைஸில் மாட்டினார். யாரும் தொடாமலே வாளின் முனை கிடுகிடுவென்று ஆடியது. மனுஷன் ஓடவில்லை, கணக்குப் போட்டார். புதிதாக மாட்டிய ஒரு ஃபேன், காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை அறைக்குள் நிறுத்தி வைத்திருந்தது. ஃபேனைச் சரிசெய்தார், பேயும் கிளம்பிவிட்டது. 1998-ல் இதைக் கட்டுரையாகவே எழுதினார்.

எல்லாப் பேய்க்கும் இந்த வைத்தியம் பலிக்காதுதான். ஆனால் நீங்க இருப்பது கணபதி. சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறையோ கம்ப்ரஸரோ இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மந்திரிக்கிறவர் கேட்கிற காசில் எலக்ட்ரீஷியன் பேரிங்கே மாற்றித் தந்துடுவார். மாமியாரிடம் ‘மந்திரிச்சாச்சுங்க அத்தை’ என்று சொல்லிடுங்க.

கேள்வி: சினிமாவில் வர்ற பேயெல்லாம் பொம்பளை. ஆம்பளைங்க செத்தா நேரா சொர்க்கம்தானா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நம்ம பக்கம் வெட்டுப்பட்டுச் செத்த ஆம்பளைக்கு உடனே பதவி உயர்வு. வீரன், முனி என்று ஒரு கல், ஒரு அரிவாள், வருஷத்துக்கு ஒரு கிடா. பொம்பளைக்கு வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும்.

ஆனால் ஆனைமலைக்குப் போய்ப் பாருங்க. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொன்றான் நன்னன் என்ற மன்னன். ஈடாக 81 யானையும் அவள் எடைக்குப் பொன்னில் பாவையும் தருகிறோம் என்று அவள் தரப்பினர் கெஞ்சியும் அவன் கேட்கவில்லை. பரணர் இதைக் குறுந்தொகையிலேயே ஏற்றிவிட்டார். அந்தப் பெண்தான் மாசாணியம்மன் என்பது ஆனைமலைக்காரர்கள் சொல்லும் கதை. செத்தவள் எழுந்து வந்து யாரையும் பிடிக்கவில்லை. படுத்த வாக்கிலேயே வழக்கு விசாரிக்கிறாள். நகை திருட்டுப் போனவர், கடன் கொடுத்து ஏமாந்தவர் எல்லாம் அங்கே வர மிளகாயை ஆட்டுக்கல்லில் அரைத்து நீதிக்கல்லில் அப்புகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கே மூக்கும் கண்ணும் ஒழுகும். எடுத்தவன் கதி என்ன ஆகும் என்ற பயத்திலேயே பாதிப் பொருள் வீடு திரும்பிவிடும் என்கிறார்கள். கொன்றவன் பெயருக்கு ஒரு திண்ணைகூட இல்லை பாருங்க.

கேள்வி: இருகூரில் கொரோனா தேவி என்று சிலை வைத்தார்களே, இதெல்லாம் அடுக்குமா?
— ஒரு வாசகர், சூலூர்

பதில்: 2021-ல் வைத்தபோது ஊரே சிரித்தது. நூறு வருஷம் முன்னால் பிளேக் வந்து கோயமுத்தூர் காலியானபோது கும்பிட்ட பிளேக் மாரியம்மனுக்கு இன்றும் நகருக்குள் கோயில்கள் உண்டு. அங்கே மாவிளக்கு எடுக்கிற யாரும் சிரிப்பதில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டு கும்பிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: எங்க வீட்டுப் பக்கம் மூடிக் கிடக்கிற மில்லில் நடு ராத்திரி மிஷின் ஓடற சத்தம் கேட்குது. செத்துப்போன தொழிலாளிங்க மூணாவது ஷிப்ட் பார்க்கறாங்கன்னு சொல்றாங்க.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், சிங்காநல்லூர்

பதில்: உயிரோடு இருந்தபோதே பாக்கிச் சம்பளத்துக்கு அலைந்தவர்கள், செத்த பிறகு ஓசியில் ஷிப்ட் பார்ப்பார்களா? அது பெரும்பாலும் செம்புக் கம்பி அறுக்கிற சத்தமாக இருக்கும். பேய் என்ற பேச்சைக் கிளப்பிவிட்டவனையும் கொஞ்சம் விசாரியுங்க. திருடனுக்கு அதைவிட நல்ல வாட்ச்மேன் கிடைக்காது. கம்பியெல்லாம் தீர்ந்ததும் சத்தம் தானாக நிற்கும். அப்புறம் காம்பவுண்டு சுவரில் ‘ரெண்டு பெட்ரூம், சிறுவாணித் தண்ணி உண்டு’ என்று போர்டு தொங்கும். அந்த அட்வான்ஸைப் புரட்டி அங்கே குடியிருக்க எந்தப் பேயாலும் முடியாதுங்க.