கையில் என்றால் எடை, செக்-இன் என்றால் நடை

கேள்வி: ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே போகும் மின்சார சூட்கேஸ் ஒன்று வாங்க ஆசை. வருடத்துக்கு இரண்டு முறை மலிவுக் கட்டண விமானத்தில் கோலாலம்பூர் போய் வருகிறேன். வாங்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் ஆசையில் தவறே இல்லை. கோலாலம்பூரில் மலிவு விமானங்கள் வந்து நிற்கும் இரண்டாம் முனையத்தில், பிரதான கட்டடத்தையும் எதிர்ப்புறக் கட்டடத்தையும் இணைக்கும் வான்பாலம் மட்டுமே சுமார் 300 மீட்டர். அதற்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டியது தனிக்கணக்கு. அந்தத் தூரத்தைப் பார்த்தவர்களுக்குப் பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளத் தோன்றுவது இயற்கை. ஆனாலும் உங்களுக்கு நான் சொல்வது: வாங்காதீர்கள். மலிவு விமானம் என்பது சீட்டை மலிவாகக் கொடுத்து, எடைக்குக் காசு வாங்குகிற வியாபாரம். கூடுதல் கட்டணம் கட்டாத சாதாரண டிக்கெட்டில் கையில் எடுத்துப்போக ஏர் ஏஷியாவும் இண்டிகோவும் தருவது 7 கிலோ; ஸ்கூட் தருவது 10 கிலோ. 2016-ல் மக்களிடம் முன்பணம் திரட்டி அமெரிக்காவில் அறிமுகமான மோடோபேக் என்ற சவாரிப் பெட்டியின் எடை, உள்ளே ஒரு கைக்குட்டைகூட வைப்பதற்கு முன்பே, சுமார் 8.6 கிலோ. மோட்டார், பேட்டரி, ஆளைத் தாங்கும் சட்டம் எல்லாம் சேர்ந்தால் எடை ஏறத்தான் செய்யும். ஆக, 7 கிலோ விமானத்தில் உங்கள் வெறும் பெட்டியே வரம்பை மீறிவிடுகிறது. 10 கிலோ விமானத்தில் உங்களுக்கு மிஞ்சுவது 1.4 கிலோ: ஒரு ஜீன்ஸ், இரண்டு சட்டை, ஒரு சார்ஜர்.

சரி, பணம் கட்டி செக்-இன் லக்கேஜில் போட்டுவிடலாமே என்பீர்கள். இந்தப் பொருளின் பயனே அங்கேதான் கைவிட்டுப் போகிறது. கார் நிற்கும் இடத்திலிருந்து செக்-இன் கவுன்டர் வரை உள்ள தூரம் கொஞ்சம்தான். கால் வலிக்கிற நடை எல்லாம் குடியேற்றச் சோதனை தாண்டி கேட் வரைக்கும், இறங்கிய பிறகு கேட்டிலிருந்து பெட்டி வரும் பெல்ட் வரைக்கும். அந்த இரண்டு நடையின்போதும் பெட்டி உங்களிடம் இருக்காது. கையில் வைத்துக்கொண்டால் எடை உதைக்கிறது. உள்ளே போட்டால் நீங்கள் நடக்கிறீர்கள். எடை வரம்பை அள்ளிக் கொடுக்கும் விமானத்தில், உயர் வகுப்பில் போகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. டிக்கெட்டில் மிச்சம் பிடிக்க நினைப்பவரைத்தான் இது நேராகத் தாக்குகிறது.

கேள்வி: இந்தப் பெட்டியின் பேட்டரியும் லேப்டாப் பேட்டரியும் ஏறத்தாழ ஒரே அளவு என்கிறார்கள். லேப்டாப்பை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் ஏன் கேள்வி கேட்கிறார்கள்?
– வாசகி, கோவை

பதில்: அளவைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஏர்வீல் போன்ற சில பெட்டிகளின் பேட்டரி 73 வாட்-மணிதான். 100 வாட்-மணி வரை விமானத்தில் பொதுவாக அனுமதி உண்டு. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் போனால் பயணி கொண்டுபோகவே முடியாது. ஆனால் அளவு பாதிக் கதைதான். பேட்டரி எங்கே இருக்கிறது, அதை யார், எவ்வளவு சீக்கிரம் கையில் எடுக்க முடியும் என்பது மீதிக் கதை. லித்தியம் பேட்டரியின் ஒரு செல் கொதித்தால் அடுத்த செல்லுக்கும் சூடு தாவும். சரக்கறையில் இருக்கும் ஹாலான் வாயு தீச்சுவாலையை அடக்கும். உள்ளுக்குள் பரவும் அந்தச் சூட்டை அடக்காது. பயணிகள் அறையிலோ புகை உடனே கண்ணில் படும், ஊழியர் தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்க முடியும். பேட்டரி உங்களோடு மேலே இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யுபிஎஸ் சரக்கு விமானத்தில், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் லித்தியம் அயனி பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை செய்தது. 2025 ஜனவரி 28 இரவு தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் கிளம்பக் காத்திருந்த ஏர் பூசான் என்ற மலிவு விமானத்தில் தலைக்கு மேலுள்ள லக்கேஜ் அறையிலிருந்து தீ கிளம்பியது. உள்ளே 176 பேர். விமானம் தரையில் நின்றதால் எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். பவர் பேங்க் ஒன்றுதான் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணை சுட்டியது. ஒரு பவர் பேங்க்கே இவ்வளவு செய்யுமென்றால், ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் இடிபட்டு ஓடிய பேட்டரியைப் பற்றி ஊழியர் இரண்டு கேள்வி கேட்பதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

லேப்டாப்புக்கு வராத இன்னொரு கட்டமும் இந்தப் பெட்டிக்கு உண்டு. விமானம் நிறைந்துவிட்டால், கேட்டிலேயே உங்கள் கைப்பெட்டியை வாங்கிக் கீழே சரக்கறைக்கு அனுப்புவார்கள். அப்போது பின்னால் நூறு பேர் நிற்கையில் நீங்கள் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கழற்றவே முடியாத மாடல் என்றால் பெட்டி ஊரிலேயே நின்றுவிடும். 2018 ஜனவரியில் அமெரிக்க விமான நிறுவனங்கள் கழற்ற முடியாத பேட்டரி வைத்த ஸ்மார்ட் பெட்டிகளை மறுக்கத் தொடங்கின. அந்த வகைப் பெட்டியை விற்ற ப்ளூஸ்மார்ட் அதே ஆண்டு மே மாதம் கடையை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது விமானம் ஏறாத விமானப் பெட்டி.

கேள்வி: கடைக்காரர் ‘விமானத்தில் அனுமதிக்கப்பட்டது’ என்ற ஸ்டிக்கரைக் காட்டுகிறாரே?
– வாசகர், மதுரை

பதில்: அந்த ஸ்டிக்கருக்குப் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்: பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருக்கிறது, கழற்றலாம். டிஎஸ்ஏ என்று எழுதியிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அது பல பெட்டிகளில் பூட்டைக் குறிக்கிற எழுத்து. அமெரிக்கச் சோதனை ஊழியர்கள் தங்கள் பொதுச்சாவியால் திறக்கக்கூடிய பூட்டு அது. மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்வதேச விதி என்பது எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சம். அதைவிடக் கடுமையாக இருக்க ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் உரிமை உண்டு. ஆகவே ஸ்டிக்கர் சொல்வதைக் கேட்டுக் கிளம்பாதீர்கள். டிக்கெட் விற்றவர் சொல்வதைக் கேட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டுவலி. அவருக்காவது வாங்கித் தரலாமா?
– வாசகி, ஈப்போ

பதில்: இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உண்மையிலேயே நடக்க முடியாதவருக்கு உதவும் என்றால், எடையாவது விதியாவது, வாங்குங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் இது அவருக்கு உதவாது. முதுகுக்குச் சாய்மானம் இல்லை, இரு பக்கமும் கைப்பிடி இல்லை. தரையையொட்டிய தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து எழுவதே மூட்டுவலிக்காரருக்குத் தண்டனை. மோடோபேக்கின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர், நடை வேகத்தைப்போல இரண்டரை மடங்கு. கூட்டத்தில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் இருவருக்கும் ஆபத்து. விமான விதிகளும் மின்சாரச் சக்கர நாற்காலியைத் தனியாகத்தான் பார்க்கின்றன. கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதற்கு 300 வாட்-மணி வரை இடம் தருகின்றன. சவாரிப் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். அம்மா உட்காரலாம், தள்ளிவிடத் தெரிந்த ஒருவர் கூட வருவார், கேட் வரைக்கும் வருவார். அதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

கேள்வி: இறங்கிய ஊரில் தெருவிலாவது ஓட்டலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஊரைப் பொறுத்தது. ஜப்பானில் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் பொருத்திய வண்டி, உரிமம் வேண்டும். ஒசாகாவில் நடைபாதையில் ஓட்டிய சீனப் பெண் ஒருவர்மீது உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியதாக 2024-ல் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. கன்சாய் விமான நிலையமும் நகோயாவின் சூபு விமான நிலையமும் உள்ளே ஓட்ட வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டன.

கேள்வி: நான் ஏற்கெனவே வாங்கிவிட்டேன்! இப்போது என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பதில்: முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் தேடவேண்டி வந்தால் அந்தப் பெட்டி விமானத்துக்கு ஆகாது. கையாலேயே வந்துவிட்டால் அதன்மேல் வாட்-மணி அச்சிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் மட்டும் இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 36 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்றால் 90, கவலை இல்லை; 36 வோல்ட், 4.4 ஆம்பியர்-மணி என்றால் 158.4, முன் அனுமதி கட்டாயம். அந்த எழுத்தைப் படம் பிடித்து, பெட்டியின் மாடல் பெயரோடு விமான நிறுவனத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வெறும் பெட்டியைத் தராசில் வையுங்கள். செக்-இன்னில் போடுவதாக இருந்தால் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, அதை மட்டும் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் எந்த எண்ணுமே இல்லையென்றால், பில் இருக்கும்போதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.