கீஸருக்கு வயசாகிவிட்டதா?

கேள்வி: எங்கள் கீஸருக்கு எட்டு வயது. தண்ணீர் சூடாகவில்லை. மெக்கானிக் ‘ரிப்பேர் பண்ணிடலாம்’ என்கிறார்; மனைவி ‘புதுசு வாங்கிடலாம்’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- பச்சைத்தண்ணீர்ப் பாவி, வேளச்சேரி

பதில்: மனைவி பேச்சை என்று சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி. ஆனால் முதலில் கீஸரை அண்ணாந்து பாருங்கள். டாங்க்கே கசிகிறதா? காயலான் கடைதான். உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசிய டாங்க்கில் வெல்டிங் வைத்தால் பூச்சு போய், துரு குடியேறும். (சேஃப்டி வால்வில் அவ்வப்போது இரண்டு சொட்டு விழுந்தால் பதறாதீர்கள், அழுத்தத்தை வெளியேற்றுவது அதன் உத்தியோகம்.)

கசிவு இல்லையென்றால் மெக்கானிக் கட்சி. குற்றவாளி பெரும்பாலும் காயில் அல்லது தெர்மோஸ்டாட். மெயினை அணைத்து மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். 2000 வாட்ஸ் காயில் சுமார் 26 ஓம்ஸ் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஆள் அவுட். போர் தண்ணீர் என்றால் காயில்மேல் உப்பு பாறையாகப் படிந்திருக்கும். காயிலை மாற்றும்போதே மெக்னீசியம் கம்பியையும் மாற்றிவிடுங்கள். டாங்க் துருப்பிடிக்காமலிருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் தியாகி அது. எட்டு வருஷமாக உங்கள் வீட்டில் யாரும் அதை நலம் விசாரித்திருக்க மாட்டார்கள்.