லேப்டாப்பைக் கொதிக்க வைக்கும் முறை

கடைக்குப் போகுமுன் தேவையைத் தாளில் எழுதிப் பார்க்காதீர்கள். எழுதினால் எக்ஸெல், ஈமெயில், பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, ஞாயிறு ஒரு படம் என்று நாலு வரியில் முடிந்துவிடும். அப்புறம் கடைக்காரர் எப்படிப் பிழைப்பார்? "இருக்கிறதிலேயே பெரிசா ஒண்ணு குடுங்க" என்று கேளுங்கள். கீபோர்டில் வண்ண விளக்கு எரியும் கேமிங் மாடலை எடுத்து வைப்பார்.

பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்கவே கூடாது. இன்டெல்லில் யு என்று முடிந்தால் பெரும்பாலும் 15 வாட்டில் சாதுவாக ஓடுகிற வகை. எச் என்றால் வேறு சாதி: ஐ7-12700எச் 45 வாட்டில் தொடங்கி, முடுக்கினால் 115 வரை போகும். சார்ஜரைத் தூக்கிப் பார்த்தே ஆளை எடைபோடும் கில்லாடிகளும் உண்டு. 65 வாட் என்றால் சூடு குறைவு, செங்கல் கனத்தில் 230 வாட் என்றால் இழுக்கிற கரண்டெல்லாம் கடைசியில் சூடாகத்தானே வெளியே வந்தாக வேண்டும் என்பார்கள். இந்த மாதிரி ஆட்களைக் கடைக்குக் கூட்டிப்போகாதீர்கள். 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் பக்கமும் போக வேண்டாம். அதில் ஃபேனே கிடையாது. நீங்கள் உழைப்பது பக்கத்து வீட்டுக்கு எப்படிக் கேட்கும்?

வாங்கியாயிற்றா? இனி இலவம்பஞ்சு மெத்தை. பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கத் துளை வழியாகக் காற்றை இழுத்து, பின்புறமோ பக்கவாட்டிலோ தள்ளும். மெத்தையில் அமுக்கி வைத்தால் அந்தத் துளை அடைபட்டுவிடும். அக்னி நட்சத்திர மதியமாக இருந்தால் இன்னும் விசேஷம். ஃபேன் என்பது ஏசி அல்ல. அறையில் இருக்கிற காற்றைத்தான் வீசும். அறையே 38 டிகிரி என்றால் அதற்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க ஃபேனுக்கு வழியில்லை. 100 டிகிரியை நெருங்கும்போது சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்கென்று கொடுத்த காசு அங்கேதான் ஆவியாகிறது.

மெத்தை இல்லாதவர்கள் தொடையில் வைக்கலாம், தினம், மணிக்கணக்கில். தோலில் வலைப்பின்னல் மாதிரி கருஞ்சிவப்புத் தடம் விழும். குளிருக்குக் காங்கிரி என்ற கங்குச் சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் காஷ்மீரிகளிடம் மருத்துவர்கள் முன்பே கண்டதுதான். ஸ்கிரீனைப் பார்த்தபடியே அதைப் பெறுவது நம் காலத்துச் சௌகரியம்.

ஃபேன் அலறினால் டாஸ்க் மேனேஜரைத் திறக்காதீர்கள். எந்த புரோகிராம் பிராசசரைத் தின்கிறது என்று தெரிந்து, அதை மூடிவிட்டால் அலறல் நின்றுபோகும். தூசியும் அப்படியே இருக்கட்டும். தட்டியே ஆக வேண்டுமென்றால், ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளாமல் புளோயரை முழு வேகத்தில் அடியுங்கள். அளவுமீறிச் சுழன்று பேரிங் போய்விடும். கூலிங் பேட் வாங்கினால், அதன் ஃபேனும் லேப்டாப்பின் துளையும் நேருக்கு நேர் வராத மாடலாகப் பாருங்கள். தேடவே வேண்டாம், தாராளமாகக் கிடைக்கும்.

கடைசியாக, சார்ஜரைப் பிடுங்காதீர்கள். சூடும் நூறு சதவீத சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் குறையும். சில சமயம் உப்பி, டச்பேடை மேலே தூக்கும். இந்த இடத்தில் மட்டும் விளையாட்டில்லை: உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அமுக்காமல் குத்தாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். "எப்பவும் சார்ஜிலேயே போட்டு வெச்சிருப்பீங்களா சார்?" என்று கேட்பார்கள். "சேச்சே" என்று சொல்லுங்கள்.